பால் பற்றவில்லையா?

ராத்தாவுக்குப் பிள்ளை கிடைத்து ஐந்தாம் நாள் இரவு. மருமகன் விடிய விடிய அழுதான். "பால் பத்தல்ல" என்றார் உம்மம்மா. பால்மா கரைத்துக் கொடுக்கலாம் என்றார் மாமி. றொசல்லையில் எங்கள் வீட்டுக்கு முன்பக்கம்தான் வாப்பாவின் கடை. கையை நீட்டினால் பால்மாப் பெட்டி. ராத்தாவும் அழுதுகொண்டிருந்தாள்.

காலையில் குடும்ப நல உத்தியோகத்தர் வந்தார். பெட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "குடுங்க மகள், பார்ப்போம்" என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். பிள்ளை காம்பை மட்டும் பிடித்திருந்தான். வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளியே மடிந்து, நாடி மார்பில் பட, காம்பைச் சுற்றிய கருமைப் பகுதியும் வாய்க்குள் போக வேண்டுமாம். இரண்டு மூன்று முறை மாற்றிப் பிடித்ததும், விழுங்கும் சத்தம் எங்களுக்கே கேட்டது.

உயிரியல் பாடத்தில் புரோலக்ரின், ஒட்சிற்றோசின் என்று மனனம் செய்திருக்கிறேன். அன்றுதான் விளங்கியது. பிள்ளை உறிஞ்சும்போது ஒன்று பாலைச் சுரக்க வைக்கிறது, மற்றது வெளியே தள்ளுகிறது. தாய் பதறினால் இரண்டாவது தடைப்படும். மார்பில் பால் தேங்கி நின்றால் சுரப்பே குறையும். ஆகவே பால்மா கொடுத்தால் பிள்ளை வயிறு நிறைந்து தூங்கும், உறிஞ்சுவது குறையும், பாலும் குறையும். பிறகு உம்மம்மா சொன்னது உண்மையாகிவிடும்!

பசியென்றால் பிள்ளை முதலில் தலையைத் திருப்பித் தேடும், கையை வாயில் வைக்கும். அழுகை கடைசியில்தான் வரும். மணிக்கூட்டைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்த்துக் கொடுத்தால், ஒரு நாளில் 8 முதல் 12 தடவை வரும். ஒரு வாரத்துக்குப் பின் நாளுக்கு 6 தடவையாவது சிறுநீர் கழித்து, நிறையும் ஏறினால் பால் போதும். நிறை ஏறாவிட்டால் உடனே கிளினிக்குக்குப் போக வேண்டும். முதல் 6 மாதம் தண்ணீர்கூடத் தேவையில்லை. 2016 ஆம் ஆண்டின் அளவீட்டின்படி இலங்கையில் 6 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளில் 82 வீதமானோர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள்.

இவ்வளவும் தெரிந்த பெருமையில் இருந்தேன். ஒரு நாள் கடைக்கு வந்த தோட்டத்து அக்கா ஒருவர், எந்தப் பால்மா விலை குறைவு என்று கேட்டார். பேறுகால லீவு முடிந்து கொழுந்தெடுக்கப் போகிறவர். நான் பிரசங்கத்தைத் தொடங்கினேன். அவர் சிரித்தார். "பால் இருக்கு தங்கச்சி. மலைதான் தூரம்."

பிள்ளை பிள்ளைக்காம்பராவில், தாய் மேல்மலையில். 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி லீவு 84 நாட்கள். பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை வேலை நேரத்தில் இரண்டு முறை பால் கொடுக்க விட வேண்டும். பிள்ளைக்காம்பரா இருந்தால் தடவைக்கு அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். அந்த அரை மணித்தியாலம் இறங்கி ஏறவே போய்விடுகிறது என்றார் அக்கா. கொழுந்தும் குறையும், கொழுந்து குறைந்தால் பேரும் அரைப்பேராகும். மார்பு கட்டி வலித்தால் தேயிலைச் செடிக்குள் குந்திப் பீய்ச்சி விடுவாராம். கடைக்குள் நின்று கேட்ட எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பால்மா வேண்டாம் என்று எல்லாரும் அவரிடம்தான் சொல்கிறோம். பாலூட்டும் தாய்க்குப் பிள்ளைக்காம்பராவுக்குக் கிட்டிய மலையைக் கொடுங்கள் என்று கங்காணியிடம் யார் சொல்வது?

காலையில் கையாலே பீய்ச்சி, கொதிநீரில் கழுவிய மூடிக் கோப்பையில் வைத்தால் 4 மணித்தியாலம் கெடாது, போத்தல் வேண்டாம், கரண்டியால் ஊட்டலாம் என்று மட்டும் சொன்னேன். அவர் அன்று சின்னப் பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டுதான் போனார். அடுத்த கிழமை வந்து, மூடியுள்ள கோப்பை இருக்கிறதா என்று கேட்டார். பிள்ளைக்காம்பரா ஆயாவிடம் பேசிவிட்டாராம். ஆயா சரி என்றாராம்.