பசளையைப் பேணியால் அளப்போர் கவனிக்க

கமக்காரர்களே! பசளைச் சிபாரிசுகள் கிலோகிராமிற் கூறப்படுகின்றன. வயலிலோ பலர் பேணியால் அளந்தே பசளையிடுகின்றனர். கொள்ளளவும் நிறையும் ஒன்றல்ல என்பதை மறத்தலாகாது.

1 லீற்றர் தண்ணீரின் நிறை 1 கிலோகிராம். தயிரும் ஏறத்தாழ அவ்வளவே; ஆதலாற் சமையலில் அதனை அளப்பினும் நிறுப்பினும் வேறுபாடு சிறிதே. யூரியா அவ்வாறன்று. மணிகளுக்கிடையே காற்று இருத்தலால் 1 லீற்றர் யூரியாவின் நிறை ஏறத்தாழ 750 கிராம் மட்டுமே. எனவே 15 கிலோகிராம் இடுவதற்கு 1 லீற்றர்ப் பேணியால் 20 பேணி வேண்டும். 15 பேணி மட்டும் இட்டாற் பயிருக்குக் காற்பங்கு குறையும். மாறாக, கண்மதிப்பில் மிகையாக இட்டால் நெற்பயிர் அளவுமீறித் தழைத்துச் சாயும், எரிபந்த நோயும் கபிலநிறத் தத்தியும் பெருகும், பணமும் வீணாகும்.

ஆகவே, முதலில் வெறும் பேணியை நிறுக்கவும். பின்னர் பசளையை நிரப்பி, குலுக்காது, மேல்மட்டத்தைத் தடியால் வழித்து மீண்டும் நிறுக்கவும். இரண்டிற்குமுள்ள வேறுபாடே பசளையின் நிறை. அதனைப் பேணியின்மேல் எழுதிவைக்கவும்.

பசளைக்குப் பசளை நிறை வேறுபடும். ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்தறிக. ஈரத்தாற் கட்டிபட்ட பசளையை உடைத்து, மறுபடியும் நிறுத்தபின்னரே அளக்கவும்.