பழைய கார் பேசும், கேட்கத் தெரிய வேண்டும்!

(இறுதியாண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)

பழைய கார் என்றதும் நம்மில் பலருக்கு இரண்டு காட்சிகள்தான் மனதில் வரும். ஒன்று, மாலை போட்டுக்கொண்டு கல்யாண ஊர்வலத்தில் போகும் கார். இன்னொன்று, ஷெட் ஓரத்தில் சக்கரம் இல்லாமல் செங்கல் மேல் நிற்கும் அம்பாசிடர். "இதெல்லாம் பணக்காரங்க பொழுதுபோக்கு, நமக்கு எதுக்குப்பா?" என்று கேட்கும் நண்பர்களுக்காகவே இக்கட்டுரை. காரை வாங்கத்தான் பணம் வேண்டும். அதன் கோளாறைக் கண்டுபிடிக்கக் கண், காது, மூக்கு, கொஞ்சம் பொறுமை போதும்.

எவை பழைய கார்கள்?

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரைத் தழுவி, மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் உருவானது அம்பாசிடர். அதன் தயாரிப்பு 2014-இல் நின்றது. இத்தாலியின் ஃபியட் 1100 வழியில் பம்பாயில் வந்தது பிரீமியர் பத்மினி. நம் சென்னையிலேயே தயாரானது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஹெரால்டின் பானெட்டைத் தூக்கினால் இரண்டு மட்கார்டும் சேர்ந்தே எழும்பும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து என்ஜின் வேலை பார்க்கலாம்!

சட்டப்படி 'விண்டேஜ்' என்பதற்குத் தனிக் கணக்கு உண்டு. 2021-இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்த, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். அதன் எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுதல் போன்றவற்றுக்கு மட்டுமே அதைச் சாலையில் ஓட்டலாம். வாடகைக்கு விடக்கூடாது.

மூன்றே கேள்விகள்

எந்தப் பெட்ரோல் என்ஜினும் ஓட மூன்று வேண்டும்: சரியான பெட்ரோல்-காற்றுக் கலவை, சரியான நேரத்தில் தீப்பொறி, போதுமான கம்ப்ரஷன். வண்டி நின்றுவிட்டால் இந்த மூன்றில் எது இல்லை என்று வரிசையாகக் கேட்க வேண்டும்.

1. பொறி இருக்கிறதா? காயிலிலிருந்து டிஸ்ட்ரிப்யூட்டருக்குப் போகும் தடித்த ஒயரைக் கழற்றி, இன்சுலேஷன் உள்ள பிளையரால் பிடித்து, என்ஜின் உலோகத்துக்கு அருகே வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். 'சட் சட்'டென்று நீலப் பொறி பாய்ந்தால் நல்லது. மஞ்சளாக, சோகையாக வந்தால் கோளாறு இந்தப் பக்கம்தான். பக்கத்தில் பெட்ரோல் கசிவு இருந்தால் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

2. பெட்ரோல் வருகிறதா? கார்ப்பரேட்டருக்குள் வரும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டுப் பார்க்கலாம். என்ஜின் சூடாக இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள்.

3. கம்ப்ரஷன் இருக்கிறதா? எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டு, கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டராகப் பார்க்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டரில் மட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட் மேல் சந்தேகம் வரவேண்டும்.

ஒரே நோய்க்குறி, மூன்று நோய்

என் தாய்மாமா நாற்பது வருடமாக மெக்கானிக். போன கோடையில் அவர் ஷெட்டுக்கு ஒரு பத்மினி வந்தது. பத்து கிலோமீட்டர் ஓடும், நிற்கும். அரைமணி நேரம் ஆறினால் மறுபடி ஓடும். வேறொரு இடத்தில் ஏ.சி. பம்ப் (பெட்ரோலை இழுத்துத் தரும் பம்ப்) மாற்றி, பிளக் மாற்றி, கார்ப்பரேட்டரும் சர்வீஸ் பண்ணியாயிற்று. பலன் இல்லை. சொந்தக்காரர் ஓய்வு பெற்ற ஆசிரியர். இதிலும் சரியாகாவிட்டால் காயலான் கடைக்குப் போட்டுவிடுவதாகச் சொன்னார்.

சூட்டில் நின்று, ஆறினால் ஓடும் வண்டிக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்.

முதலாவது வேப்பர் லாக். என்ஜின் சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப் ஆவியைத் தள்ளிக்கொண்டிருக்கும், பெட்ரோல் வராது. பம்ப் மேல் ஈரத்துணி போட்டதும் ஓடினால் இதுதான்.

இரண்டாவது, டேங்க் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைப்பு. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, பெட்ரோலைப் பின்னுக்குப் பிடித்துக்கொள்ளும். மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று சத்தம் வந்தால் இதுதான்.

மூன்றாவது, சூடானால் மட்டும் பலவீனமாகும் காயில் அல்லது கண்டன்சர்.

ஆறிய வண்டியில் எதைச் சோதித்தாலும் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். அதனால் மாமா ஸ்பேனரையே தொடவில்லை. வண்டியை ஓட்டிப் போய் அது தானாக நிற்கும்வரை காத்திருந்தார். நின்ற அந்த நிமிடமே மூடியைத் திறந்தார், சத்தம் இல்லை. பொறியைப் பார்த்தார், மஞ்சள். டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைக் கழற்றினால் பாயிண்ட் கருகியிருந்தது. பாயிண்டைச் சுத்தம் செய்து, கேப் வைத்து, கட்டைவிரல் அளவுகூட இல்லாத கண்டன்சரை மாற்றினார். பொறி நீலமாயிற்று. அதே சாலையில் இரண்டு நடை ஓட்டிப் பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுத்தார்.

"மாப்ளே, பார்ட்டை மாத்திக்கிட்டே இருக்கிறதுக்கு மெக்கானிக் எதுக்கு? ஸ்பேர்ஸ் கடைக்காரரே போதுமே" என்றார் என்னிடம்.

ஏட்டுப் படிப்பும் கைப்பழக்கமும்

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். மாமா படித்தது ஐந்தாவது வரை. அன்று மாலை அவர் என்னைக் கேட்டார்: "கண்டன்சர் போனா பாயிண்ட் கருகும்னு எனக்குத் தெரியும். ஏன் கருகுதுன்னு உங்க புஸ்தகத்துல இருக்கா?"

இருக்கிறது. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலின் முதல் சுற்றில் மின்சாரம் ஓடிக் காந்தப்புலம் உண்டாகிறது. பாயிண்ட் திறந்ததும் அந்தப் புலம் சட்டென்று சரிகிறது. இரண்டாம் சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழுந்து பிளக்கில் பொறியாகிறது. ஆனால் முதல் சுற்றில் ஓடிய மின்சாரம் உடனே நிற்க மனமில்லாமல் பாயிண்டின் இடைவெளியைத் தாண்டப் பார்க்கும். அதைத் தாங்கிக்கொள்வதுதான் கண்டன்சர். அது பழுதானால் மின்சாரம் பாயிண்டிலேயே பொறியாகி அதைக் கருக்கும். புலமும் மெதுவாகச் சரிவதால் பிளக்கில் பொறி சோகையாகும்.

பழைய ஸ்பேர்ஸ் அட்டையின் பின்பக்கம் இதைப் படம் போட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். நண்பர்களே, நம் வகுப்பில் பத்து மார்க் கேள்வியாக வருவது அவருடைய நாற்பது வருடச் சந்தேகம். அதே சமயம், நின்ற நிமிடத்தில் பார்க்க வேண்டும் என்ற பாடம் எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

கவனிக்க வேண்டியவை

* பிரேக்: பல பழைய கார்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன்தான். எங்காவது ஓர் இடத்தில் கசிந்தாலும் மொத்த பிரேக்கும் போய்விடும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றுங்கள். என்ஜின் ஆயிலை அதில் ஊற்றினால் ரப்பர் வாஷர்கள் ஊதிக் கெட்டுவிடும்.

* பெட்ரோல்: இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் ஹோஸ்களை அது கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றுவது நல்லது.

* டேப்பெட்: ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-இல் நின்றது. அந்த ஈயம் வால்வு சீட்டுக்குப் பாதுகாப்பாக இருந்தது. இப்போது சீட் தேய்ந்து டேப்பெட் இடைவெளி குறையலாம். அடிக்கடி ஃபீலர் கேஜால் பாருங்கள்.

* பேட்டரி: பழைய இங்கிலாந்து கார்கள் பலவற்றில் பாசிட்டிவ்தான் பாடியில் எர்த். மாட்டும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

* சும்மா நிற்கும் வண்டி: ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடத்தில் நிறுத்துவதால் நன்மை இல்லை. சைலன்சரில் தண்ணீர்தான் சேரும். நன்றாகச் சூடாகும்வரை ஓட்ட வேண்டும்.

* உயிர்: ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்ட் கட்டாயம். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

நமக்கு என்ன லாபம்?

நாளை நாம் வேலைக்குப் போகும் இடத்தில் ஸ்கேனர் இருக்கும். அது கோளாறின் எண்ணைச் சொல்லும். அந்தக் கோளாறு ஏன் வந்தது என்று யோசிக்க வேண்டியது நாம்தான். அந்த யோசனையைப் பழக, எல்லாமே கண்ணுக்குத் தெரியும் பழைய காரைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

சொந்தமாகக் கார் வேண்டாம். உங்கள் ஊரிலும் ஒரு பழைய மெக்கானிக் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை போய் டூல்ஸ் எடுத்துக் கொடுங்கள். ஒரு நோட்டுப் போட்டு, வந்த கோளாறு, பார்த்த சோதனை, கிடைத்த முடிவு என்று மூன்றையும் எழுதி வையுங்கள். அவர்களில் பலர் தொழிலை விடும் வயதில் இருக்கிறார்கள். அவர்கள் தலையில் இருப்பதை இதுவரை யாரும் எழுதவில்லை. எழுதத் தெரிந்த நாம் எழுதுவோம்!