காது மிஷினும் காப்பீடும்

எங்கள் மாமியாருக்குக் காது மந்தமாகி, யாரோடும் பேசாமல் மூலையில் ஒதுங்கிவிட்டார். "மிஷின் வாங்கலாம், இன்ஷூரன்ஸ் இருக்கே" என்றார் என் கணவர். பாலிசியை வரிவரியாகப் படித்தேன். 'பணம் தரப்படாதவை' பட்டியலில் மூக்குக் கண்ணாடியோடு காது மிஷினும் இருந்தது! பெரும்பாலான பாலிசிகளில் இதே கதைதான். கடை ஏறும் முன் படிச்சுப் பாருங்க, தோழிகளே!

40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்று அரசு மருத்துவமனைச் சான்றிதழ் இருந்தால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் காதொலிக் கருவிக்கு மனுக் கொடுக்கலாம். நாங்கள் அப்படித்தான் வாங்கினோம். இப்போது பேரனோடு ஓயாத அரட்டை!

பிறவியிலேயே காது கேட்காத குழந்தை என்றால், 6 வயதுக்குள் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் ஆபரேஷனுக்கு வழி உண்டு. 'தானா சரியாயிடும்'னு நாளைக் கடத்தாதீங்க.

- ஒரு வாசகி, திண்டுக்கல்.