வளர்ப்பு எலிக்கு ஏற்ற கூண்டு

மூட்டையைக் கடித்து நமக்கு நஷ்டம் உண்டாக்கும் எலியை, ஆசையோடு தீனி போட்டு வளர்ப்பவர்களும் உண்டு. இங்கிலாந்தில் 1901ஆம் ஆண்டிலேயே, மேரி டக்ளஸ் என்ற அம்மையாரின் முயற்சியால் அயில்ஸ்பரி நகரக் கண்காட்சியில் வளர்ப்பு எலிகள் இடம் பெற்றன. நம் ஊர்களிலும் வெள்ளை எலி விற்பனைக்கு வருகிறது. எனவே கூண்டு விற்கும் வணிக அன்பர்கள் சில விவரங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் கம்பி இடைவெளி. விற்காமல் கிடக்கும் கிளிக்கூண்டை எலிக்கென்று தள்ளிவிடக் கூடாது. எலியின் தலை நுழைந்தால் உடலும் நுழைந்துவிடும். குட்டிகளுக்கு இடைவெளி அரை அங்குலத்தைத் தாண்டலாகாது. தப்பிய எலி முதலில் தேடுவது தானியத்தைத்தான் என்பதை நமக்குச் சொல்லவேண்டியதில்லை.

அடுத்து அளவு. எலி கூட்டமாக வாழும் பிராணி. தனியாக வைத்தால் வாடிப்போகும். ஒரே பாலினத்தில் இரண்டாகக் கொடுக்க வேண்டும். ஆணும் பெண்ணும் சேர்ந்தால் சுமார் 22 நாளில் குட்டி போட்டுவிடும். எலி ஒன்றுக்குக் குறைந்தது 2 கன அடி இடம் என்பது பலரும் கொள்ளும் கணக்கு. 2 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அடி உயரமுள்ள கூண்டு இரண்டுக்குத் தாராளம்.

கண்ணாடித் தொட்டி பார்வைக்கு அழகு. ஆனால் காற்றோட்டம் குறைவதால் மூத்திரத்தின் நெடி தங்கி, எலியின் நுரையீரலைக் கெடுக்கும். மரக்கூண்டு ஈரத்தை உறிஞ்சி நாறும். எலியும் அதைக் கடித்துத் துளைக்கும். ஆகவே இரும்புக் கம்பிக் கூண்டே மேல். அடிப்பாகம் மட்டும் வெறும் கம்பியாக இருந்தால் பாதம் புண்ணாகும். தட்டு போட்டு, அதன்மேல் காகிதத் துண்டுகளைப் பரப்பச் சொல்லலாம். பைன் மரச் சீவல் விலை மலிவு என்றாலும் அதன் நெடி ஆகாது.

நம் கோடையும் கவனிக்கத் தக்கது. எலிக்கு நம்மைப்போல் உடல் முழுவதும் வியர்க்காது. சூட்டைத் தணிக்கப் பெரிதும் வாலையே நம்பியிருக்கிறது. தகரக் கூரையின் கீழோ, வெயில் படும் ஜன்னலோரமோ கூண்டை வைத்தால் ஒரே பிற்பகலில் உயிர் போய்விடக்கூடும்.

இவற்றையெல்லாம் விற்கும்போதே எடுத்துச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். பருப்பில் குறை இருந்தால் மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். உயிரை அப்படித் திருப்பித் தர நம்மால் ஆகாது. கொள்முதலுக்குப் போகும்போது அளவுகோல் ஒன்றைக் கையோடு எடுத்துச் சென்று, கம்பி இடைவெளியை அளந்து பார்த்து வாங்குவோம்.