முகாமும் ஊரும் – 7: செஞ்சிக்கும் பாண்டிருப்புக்கும் நடுவே

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியிலிருந்து மரக்காணம் நோக்கிப் போகையில், காலாப்பட்டைத் தாண்டியதும் வருகிறது கீழ்புத்துப்பட்டு. விழுப்புரம் மாவட்டத்தின் திண்டிவனம் கோட்டத்தைச் சேர்ந்த ஊர். மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலும் அதைச் சூழ்ந்த கோயிற்காடும் அதன் பழைய அடையாளங்கள். இலங்கைத் தமிழர் முகாம் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது சின்னசேலம் முகாம் அந்தப் பக்கம் போய்விட்டது. இன்று விழுப்புரம் மாவட்டத்தில் ஈழத்து ஏதிலியர் என்றதும் நினைவுக்கு வரும் பெயர் கீழ்புத்துப்பட்டுதான்.

1983 ஜூலைக் கலவரம் முதல் அலையைக் கொண்டுவந்தது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது இரண்டாவது அலை, 1995–96இல் மூன்றாவது, 2006க்குப் பிறகு நான்காவது. 1983இலிருந்து வந்தவர்கள் 3,04,269 பேர் என்பது தமிழ்நாடு அரசின் கணக்கு. பெரும்பாலோர் மன்னார்க் கடலைப் படகில் கடந்து, மண்டபம் முகாமில் பதிவு செய்யப்பட்டு, மாவட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டவர்கள். 2021 ஆகஸ்டில் 108 முகாம்களில் 18,944 குடும்பங்களைச் சேர்ந்த 58,822 பேர் இருந்தனர். காவல் நிலையத்தில் பதிவு செய்து வெளியே வாழ்ந்தவர்கள் 34,087 பேர். இவர்களில் மன்னார், வவுனியா, திருகோணமலைக்காரர்கள் உண்டு. 1977 கலவரத்துக்குப் பிறகு தேயிலைத் தோட்டங்களை விட்டு வன்னிக்குக் குடிபெயர்ந்து, அங்கிருந்தும் விரட்டப்பட்ட மலையகத் தமிழரும் கணிசமாக உண்டு. மலையகத்தாரின் முன்னோரைக் கங்காணிகள் கப்பலேற்றியது ஆற்காடு, சேலம், திருச்சிப் பகுதிகளிலிருந்து. அவர்களுக்குத் தமிழ்நாடு கொள்ளுத்தாத்தா விட்டுப்போன மண்.

உலக அகதிகள் நாள் ஜூன் 20. ஐ.நா. பொதுச்சபை 2000 டிசம்பர் 4 அன்று அதை அறிவித்தது; 1951 அகதிகள் உடன்படிக்கையின் பொன்விழா ஆண்டான 2001 முதல் அது அனுசரிக்கப்படுகிறது. பிரிட்டனில் 1998 முதலே ஜூன் மாதத்தில் அகதிகள் வாரம் என்று பாட்டு, நாடகம், ஓவியம், உணவு என விழா எடுக்கிறார்கள். அங்கே விழாவின் முதல் வேலை, தெரியாத ஒரு மக்களை ஊராருக்கு அறிமுகம் செய்வது. விழுப்புரத்தில் இப்படி ஒரு விழா எடுத்தால், அந்த வேலைக்குத் தேவை குறைவு. ஈழத்தார் கொண்டுவந்த கலைகளில் பலவற்றுக்கு உறவுக்காரக் கலை இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. அந்த உறவை ஊரும் முகாமும் ஒருசேரக் கண்டுகொள்ள வைப்பதே இங்கே விழா செய்யக்கூடிய பெரிய காரியம்.

திரௌபதி அம்மன் வழிபாட்டை எடுத்துக்கொள்ளலாம். அதன் மூல இடமாகப் பக்தர்கள் கருதுவது பழைய செஞ்சியான மேலச்சேரி. அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்ட்பெய்ட்டல் 1988இல் வெளியிட்ட தம் பெரிய ஆய்வின் முதல் தொகுதியைச் செஞ்சியிலிருந்துதான் தொடங்கினார். விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரக் கிராமங்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து, அருச்சுனன் தபசு, கடைசி நாளில் படுகளம், பிறகு தீமிதி என்று திருவிழா நாட்கணக்கில் நடக்கும். கடலுக்கு அப்பால், இலங்கையின் கிழக்குக் கரையில் கல்முனைக்கு அருகே பாண்டிருப்பிலும் திரௌபதை அம்மனுக்குப் பதினெட்டு நாள் விழா. அங்கும் வனவாசம் உண்டு, அருச்சுனன் தவநிலை உண்டு, தீமிதிப்பு உண்டு. புத்தளம் மாவட்டத்து மீனவர் ஊரான உடப்பிலும் இதே அம்மனுக்குப் பூக்குழி இறங்குகிறார்கள்.

கூத்திலும் இந்த உறவு தெரிகிறது. மட்டக்களப்பின் வடமோடிக் கூத்து பெரும்பாலும் பாரதக் கதைகளையே ஆடுவது. வட்டக்களரியில் ஆட்டம், பயிற்றுவிப்பவர் அண்ணாவியார். விழுப்புரத்துத் தெருக்கூத்தில் அவருடைய இடத்தில் இருப்பவர் வாத்தியார். முகவீணையும் ஆர்மோனியமும் இங்கே சேரும். அங்கே மத்தளமும் தாளமுமே ஆட்டத்தைத் தாங்கும். 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ போன்ற கூத்துகளைச் சுருக்கிப் புதிய மேடைக்குக் கொண்டுவந்து, படித்தவர்கள் ஒதுக்கி வைத்திருந்த அந்தக் கலைக்கு மதிப்பு தேடிக்கொடுத்தார். மன்னாரில் கத்தோலிக்கப் புனிதர் கதைகளை ஆடும் நாட்டுக்கூத்துக்கு மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என இரண்டு வழிகள் உண்டு. மன்னாரிலிருந்து வந்த குடும்பங்களின் மூத்தவர்கள் சிலருக்கு இந்தப் பாட்டுகள் இன்னும் மனப்பாடமாக இருக்கலாம். முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கு அவற்றைக் கற்கக் களம் இல்லை. பாரதக் கூத்தின் ஒரே காட்சியைச் செஞ்சிப் பக்கத்து வாத்தியார் குழுவும் ஈழத்து அண்ணாவி மரபில் பயின்றவர்களும் ஒரே இரவில் அடுத்தடுத்து ஆடினால், எந்தச் சொற்பொழிவும் சொல்லாததை அது சொல்லும்.

உணவு இன்னும் எளிய வழி. பிட்டு, சொதி, தேங்காய்ச் சம்பல், இடியப்பம் எல்லாம் தமிழ்நாட்டுக்குத் தெரிந்த பெயர்கள்தான். பக்குவமும் ருசியும் வேறு. மாதந்தோறும் வரிசையில் நின்று அரசின் பணக்கொடை வாங்கும் ஒரு பெண், விழா அன்றைக்கு மட்டும் ஊருக்குப் பரிமாறுகிறவராக நிற்கிறார். பல ஆண்டு நிவாரணம் தராத மரியாதை அதில் இருக்கிறது. விழாவில் உணவு விற்று வரும் வருமானம் முழுதும் சமைத்தவர்களுக்கே போய்ச் சேர வேண்டும்.

நல்லெண்ணத்தோடு எடுக்கப்படும் விழாக்களும் சின்ன விஷயங்களில் சறுக்குவதுண்டு. முகாமுக்குள் வெளியார் நுழைய அதிகாரிகளின் அனுமதி வேண்டும். ஆகவே திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ ஒரு பள்ளி மைதானத்தில், ஒரு திருமண மண்டபத்தில் நடத்துவது எல்லோருக்கும் வசதி. முகாமில் ‘செக்கிங்’ நடக்கும் நாளில் ஒவ்வொருவரும் நேரில் இருந்தாக வேண்டும் என்பதால், தேதியை முகாம் தலைவரைக் கேட்டே குறிக்க வேண்டும். முகாம் ஆண்களில் மிகப் பலர் பெயின்டிங் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள். ஒரு நாள் வராவிட்டால் அன்றைய கூலி போயிற்று. கூத்துக்கும் பறைக்கும் வெளியூர்க் குழுவுக்குச் சம்பளம் கொடுத்துவிட்டு, முகாம் கலைஞர்களுக்குப் பொன்னாடை மட்டும் போர்த்தி அனுப்புவது அநியாயம்.

உதவியின் வரலாறும் மேடு பள்ளமாகவே இருந்திருக்கிறது. 1984இல் ஈழத் தமிழர் தலைவர் எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தின் மகன் சா.செ. சந்திரகாசன் தொடங்கிய ஆஃபர் அமைப்பு, ஏதிலியரே ஏதிலியருக்கு உதவும் முறையைக் கொண்டுவந்தது. சத்துக்குறைவுள்ள குழந்தைகளுக்கு ஸ்பைருலினா கொடுக்கும் திட்டம் அவர்கள் பரப்பியதுதான். 1980இல் பேத்ரோ அருப்பே நிறுவிய இயேசு சபை அகதிகள் பணி, முகாம்களில் மாலைநேரக் கல்வி மையங்களை நடத்திவருகிறது. 1991இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பின் நிலைமை இறுகியது. தொண்டு நிறுவனங்கள் முகாம்களுக்குள் வருவது தடுக்கப்பட்டது, மேற்படிப்புக் கதவுகள் சாத்தப்பட்டன. அந்தக் கொலையோடு எந்தத் தொடர்பும் இல்லாத பிள்ளைகள் அதற்கு விலை கொடுத்தார்கள். 1996க்குப் பிறகே கெடுபிடி சிறிது சிறிதாகத் தளர்ந்தது.

2021 ஆகஸ்ட் 27 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் சட்டப்பேரவையில் 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தார். முகாம்கள் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் மாறின. குடும்பத் தலைவருக்கு மாதப் பணக்கொடை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. மற்றப் பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்க்கு 500. அப்போது மறுவாழ்வுத் துறைக்குப் பொறுப்பாக இருந்த அமைச்சர் கே.எஸ். மஸ்தான், விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சித் தொகுதி உறுப்பினர்.

திட்டத்தின் நெஞ்சு வீடுதான். பழுதான 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்ட 231.54 கோடி ஒதுக்கப்பட்டது. பழைய முகாம் வீடு பத்தடிக்குப் பத்தடி அறை. தற்காலிகம் என்று போட்ட கூரையின் கீழ் இரண்டு தலைமுறை வளர்ந்துவிட்டது. 2023 செப்டம்பர் 17 அன்று வேலூர் மேல்மொணவூரிலிருந்து, பல மாவட்டங்களுக்குமாகக் கட்டப்பட்ட 1,591 வீடுகள் திறந்து வைக்கப்பட்டன. விழுப்புரம் கடற்கரையில் உறுதியான வீடு என்பது உயிர்ப் பிரச்சினை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியபோது திண்டிவனத்துக்குப் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது.

படிப்பிலும் முன்னேற்றம் உண்டு. கல்வி உதவித்தொகை உயர்ந்தது. ஆண்டுதோறும் மதிப்பெண் அடிப்படையில் 50 பொறியியல் மாணவர்களின் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. ஆனால் குடியுரிமை இல்லாதவர் அரசுப் பணித் தேர்வு எழுத முடியாது. தனியார் நிறுவனங்களும் ஆவணம் கேட்கும் இடத்தில் தயங்கும். பட்டத்தோடு பெயின்ட் பிரஷ் பிடிக்கும் இளைஞர்கள் முகாம்தோறும் இருப்பது இதனால்தான்.

1951 உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கைத் தமிழரைச் சேர்க்கவில்லை. 2025 செப்டம்பரில் வந்த மத்திய அரசு ஆணை, 2015 ஜனவரி 9 வரை தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. குடியுரிமை அதில் கிடைக்கவில்லை. 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அந்த அடிப்படையில் முகாமில் பிறந்த பெண்ணொருவர் நீதிமன்றம் வழியாக உரிமை பெற்று 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர்க்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பின் பிறந்தவர்க்கு, பெற்றோரில் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகக் கருதப்படக் கூடாது என்ற நிபந்தனையும் சேர்ந்தது. ஊர்ப் பெண்ணும் முகாம் பையனும் மணம் செய்த குடும்பங்களின் பிள்ளைகள் இந்தச் சிக்கலில்தான் மாட்டுகிறார்கள்.

விழா மண்டபத்தில் சாப்பாட்டுக் கடைகளின் பக்கத்தில் சட்ட உதவிக்கு ஒரு மேசையும் போட வேண்டியது இதற்காகத்தான். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச சட்ட உதவி உண்டு என்கிறது. குடிமக்களுக்கு மட்டும் என்று அது சொல்லவில்லை. பிறப்புச் சான்றிதழ், முகாம் பதிவு, பெற்றோரின் ஆவணம், பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றில் பெயரும் தேதியும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து, தவறிருந்தால் திருத்த மனு எழுதிக் கொடுக்க வழக்கறிஞர் இருவர் உட்கார்ந்தால் போதும். ஒரு மாலைக்குள் பல குடும்பங்களின் காகிதங்களைச் சரிபார்த்துவிடலாம்.

(தொடரும்)