கல்வெட்டில் நந்தினி இல்லை

2023 கோடையில் 'பொன்னியின் செல்வன்' படத்தின் இரண்டாம் பாகம் ஓடிக்கொண்டிருந்தபோது, மேடவாக்கம் கூட்ரோட்டில் தாம்பரம் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் மூன்று கல்லூரிப் பிள்ளைகள். "ஆதித்த கரிகாலனைக் கொன்னது நந்தினிதான்டா" என்றான் ஒருவன். "கல்வெட்டுலயே ரவிதாசன் பேரு இருக்கு" என்றான் இன்னொருவன். கூட இருந்த பெண், "படத்துல மணிமேகலையையே காணோம், அதை வச்சு என்ன பேசறீங்க?" என்று இருவரையும் மடக்கினாள். பஸ் வந்தது, ஏறிய பிறகும் சண்டை ஓயவில்லை.

மூவர் சொன்னதிலும் விஷயம் இருந்தது. ஆனால் ஒருவன் கதையை வைத்துப் பேசினான், ஒருவன் வரலாற்றை வைத்துப் பேசினான், அந்தப் பெண் நாவலுக்கும் படத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னாள்.

ஒரு கற்பனை உலகில் எது அசல் என்று ஏற்கப்படுகிறதோ அதை இன்றைய ரசிகர்கள் 'கேனான்' என்கிறார்கள். எந்தெந்த நூல்கள் வேதத்தில் சேரும் என்று கிறிஸ்தவத் திருச்சபை வகுத்த பட்டியலின் பெயர் அது. 1911-ல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயர், ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை வேத ஆராய்ச்சி போலவே அலசி ஒரு கட்டுரை படித்தார். அந்த மரபில் வந்த ரசிகர்கள், கோனன் டாயில் எழுதிய 60 ஹோம்ஸ் கதைகளையும் கேனான் என்றே அழைக்கத் தொடங்கினார்கள். மற்றவர்கள் எழுதிய ஹோம்ஸ் கதைகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தக் கணக்கில் வராது.

நமக்கு எது அசல் என்ற கேள்வி கூர்மையாக எழுவது 'பொன்னியின் செல்வ'னில்தான். எழுத்தாளர் கல்கி எழுதி, 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்து, ஐந்து பாகங்களாக நிற்கும் நாவல். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற கை எது என்பதைக் கல்கி வேண்டுமென்றே இருட்டில் வைத்தார். பெரிய பழுவேட்டரையர் என்ற பாத்திரம் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறது. அதை அப்படியே நம்புவதா என்பதைக் கல்கி வாசகரிடமே விட்டுவிடுகிறார். கதை சட்டென்று முடிந்துவிட்டதாக வாசகர்கள் குறைப்பட்டபோது, பாத்திரங்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று முடிவுரையில் கொஞ்சம் சொன்னார். அதே 1954 டிசம்பரில் அவர் காலமானார். அதன் பிறகு 'இது சரி, இது தப்பு' என்று சொல்ல ஆசிரியர் இல்லை.

விட்ட இடத்தை வாசகர்களே நிரப்பினார்கள். விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யை எழுதினார், அனுஷா வெங்கடேஷ் 'காவிரி மைந்தன்' எழுதினார். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் இன்று யாரும் அந்தக் கதையைத் தொடர்ந்து எழுதலாம், சட்டம் தடுக்காது. ஆனாலும் வாசகர் மனதில் எல்லைக்கோடு ஐந்தாம் பாகத்தோடு நிற்கிறது. தொடர்ச்சிகளை விரும்பிப் படிக்கிறவர்கள்கூட, கல்கி சொன்னதாக அவற்றை மேற்கோள் காட்டுவதில்லை.

ஆனால் ஒன்று அந்த எல்லையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது: மணியத்தின் தூரிகை. தொடருக்குப் படம் வரைந்தவர் அவர். குந்தவையையும் நந்தினியையும் கொண்டையை வைத்தே அடையாளம் சொல்லும் வாசகர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த முகங்களை மாற்றி வரைந்தால் சண்டைக்கு வருவார்கள்.

மூலத்தில் கை வைப்பது தமிழுக்குப் புதிதல்ல. வால்மீகியின் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான்; கம்பனின் இராவணன் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுக்கிறான். கூவாகத்தில் ஆண்டுதோறும் திருநங்கையர் அரவானுக்காகத் தாலி கட்டி அறுக்கிறார்கள். மோகினி அரவானை மணந்த கதை வியாசரின் மகாபாரதத்தில் கிடையாது. கேட்டவர்கள் ஏற்றுக்கொண்டார்கள், காலப்போக்கில் அதுவே அவர்களுடைய மூலமாகிவிட்டது.

இன்றைய உதாரணம் எல்சியூ. 'கைதி' 2019-ல் வந்தது. 2022-ல் 'விக்ரம்' அதோடு கைகோத்தபோது, அந்த உலகத்துக்கு லோகேஷ் சினிமாட்டிக் யுனிவர்ஸ் என்று பெயர் வைத்தவர்கள் ரசிகர்கள். இயக்குநர் லோகேஷ் கனகராஜ் அதை ஏற்றுக்கொண்டார். ரசிகர் வைத்த பெயர் அதிகாரப்பூர்வமானது இப்படித்தான். 2023-ல் 'லியோ' வந்ததும் அதன் ஃப்ளாஷ்பேக் குறைசொல்லப்பட்டது. அது ஒரு பாத்திரம் சொல்லும் கதை, பொய்யாகவும் இருக்கலாம் என்று லோகேஷ் கனகராஜ் பேட்டியில் சொன்னார். அதுவும் கேனானா? இல்லை என்பதே என் கருத்து. திரையில் வராத வரை, படைத்தவர் சொன்னாலும் அது ஒரு ஃபேன் தியரிக்குச் சமம். பணம் கொடுத்து உட்கார்ந்தவர் பார்த்தது படத்தை, பேட்டியை அல்ல.

சட்டப்படி உரிமை கையில் இருந்தாலும் ரசிகர் நினைவை அழிக்க முடியாது. 2014-ல் லூகாஸ்ஃபிலிம் நிறுவனம், 'ஸ்டார் வார்ஸ்' படங்களைச் சுற்றிப் பல ஆண்டுகளாகத் தானே அனுமதித்து வந்த நாவல்களையும் காமிக்ஸையும் அசல் கணக்கிலிருந்து நீக்கி, 'லெஜண்ட்ஸ்' என்று தனி முத்திரை குத்தியது. அவற்றைப் படித்து வளர்ந்தவர்கள் இன்றும் விடாமல் படிக்கிறார்கள்.

எனக்குக் கவலை வேறு இடத்தில். கற்பனை வரலாறாக நழுவும்போது அதைத் திருத்த யாரும் இருப்பதில்லை. நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் மூவரும் கல்கியின் படைப்புகள். வந்தியத்தேவர் உண்மையில் வாழ்ந்தவர். அவருடைய தேவியாகக் குந்தவையின் பெயர் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கிறது. கரிகாலன் கொலையில் உத்தம சோழருக்குப் பங்கு இருக்கலாம் என்று வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி சந்தேகித்தார், இன்னொரு வரலாற்றாசிரியர் சதாசிவ பண்டாரத்தார் மறுத்தார். அவர்கள் வாதாடியது சான்றுகளை வைத்து. கதையில் எவ்வளவு வேண்டுமானாலும் விளையாடுங்கள், தியரி கட்டுங்கள், தொடர்ச்சி எழுதுங்கள். பேசும்போது மட்டும் இது நாவல், இது படம், இது கல்வெட்டு, இது என் ஊகம் என்று சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

வாய்ப்புக் கிடைத்தால் காட்டுமன்னார்கோயிலுக்கு ஒருமுறை போய்வாருங்கள். நாவலின் முதல் காட்சியில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் வீராணம் ஏரி அங்கே பக்கம்தான். சென்னைக்குக் குடிநீர் தரும் அதே ஏரி. அங்கே உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயிலில் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரின் பெயர்கள் அதில் வருகின்றன. நந்தினியின் பெயர் இல்லை.