15 எம்பி வீடு

அந்தக் காலத்தில் இணையத்தில் சொந்தப் பக்கம் போட ஜியோசிட்டீஸில் இடம் கேட்டால் கதவு எண் கொடுப்பார்கள். முதலில் பேட்டையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இலக்கியம், படிப்பு என்றால் ஏதென்ஸ். கம்ப்யூட்டர் என்றால் சிலிக்கான்வேலி. சினிமா என்றால் ஹாலிவுட். அதற்குள் நாலு இலக்கத்தில் ஒரு வீடு. வடக்கு உள்வீதி, கீழ உள்வீதி என்று விலாசம் எழுதிப் பழகிய திருவானைக்காவல்காரர்களுக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை. 1999ல் யாஹூ இதை 350 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. பேட்டை, கதவு எண்ணெல்லாம் போய், அவரவர் யூசர் நேமே விலாசமானது. வாடகை கிடையாது. ஆளுக்கு 15 எம்பி இடம். பக்கத்தின் ஓரத்தில் வரும் விளம்பரம் மட்டும் வீட்டுக்காரருடையது.

இன்றைய செல்போனில் எடுத்த போட்டோ நாலைந்து வைத்தால் 15 எம்பி தீர்ந்துவிடும். அன்று அதற்குள் ஒரு ஊரையே வைத்தார்கள். அந்தக் காலத்துச் சொந்தப் பக்கங்களுக்கு ஒரே முகஜாடை: மேலே ஓடும் எழுத்து, நடுவில் வருகை எண்ணி, கீழே விருந்தினர் புத்தகம், மண்வெட்டியோடு ஒரு ஆள் நிற்கும் 'வேலை நடக்கிறது' படம். 'என்னைப் பற்றி' என்று ஒரு பக்கம் இருந்தால் 'என் ஊர்' என்று இன்னொன்று கட்டாயம் இருக்கும். திருவானைக்காவலில் பிறந்தவனுக்கு அதில் எழுதச் சரக்குக்கா பஞ்சம்? நாவல் மரம், அப்புலிங்கம், உச்சிக்காலத்தில் அர்ச்சகர் புடவை உடுத்திச் செய்யும் பூஜை, கூலியாகக் கொடுத்த திருநீறு பொன்னாக மாறியதாகச் சொல்லும் மதில், 1888ல் இங்கே பிறந்த சி.வி.ராமன், பார்த்தசாரதி விலாஸ் நெய் ரோஸ்ட். இத்தனையும் எழுத்தாகப் போட்டால் ஐம்பது கேபி தாண்டாது.

ஏற்றுவதுதான் பாடு. 1995 ஆகஸ்ட் 15ல் விஎஸ்என்எல் இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தபோது, படத்தோடு பார்க்கும்படியான கணக்குக்கு 250 மணி நேரத்துக்கு 15,000 ரூபாய். மாணவர்களுக்கு 500 ரூபாயில் ஒன்று உண்டு. அதில் வெறும் எழுத்துதான். வீட்டில் வைத்துக்கொள்ளும் பொருளாக அது இல்லை. பிரவுசிங் சென்டர்கள் வந்த பிறகுதான் நம் பையன்கள் கைக்கு எட்டியது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏசிக்குள் நுழைந்தால், பிளைவுட் தடுப்புக்குள் ஒரு நாற்காலி, ஒரு மானிட்டர். ஒரே டயல்அப் லைனை அத்தனை சிஸ்டங்களும் பங்கு போட்டுக்கொள்ளும். நோட்பேடில் அடித்த பக்கம் சட்டைப் பையில் ஃபிளாப்பியாக வரும், 1.44 எம்பி. நூறு கேபி போட்டோ ஒன்று ஏற, லைன் முழுதும் நமக்கே கிடைத்தால் அரை நிமிஷம். ஆனால் அப்படி எங்கே கிடைத்தது?

ஏறியதும் பார்த்தால் போட்டோ இருக்க வேண்டிய இடத்தில் கட்டத்துக்குள் சிவப்புப் பெருக்கல் குறி.

"அண்ணே, வீட்ல தெரிஞ்சுது. இங்க தெரியல."

"பேர்ல பெரிய எழுத்து இருக்கா பாரு தம்பி."

விண்டோஸுக்குச் சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் ஒன்று. அந்தப் பக்கம் இருக்கும் யூனிக்ஸ் சர்வருக்கு வேறு வேறு. கேமரா போட்டோவுக்குப் பெரிய எழுத்தில் பெயர் வைத்திருக்கும், பக்கத்தில் சிறிய எழுத்தில் அடித்திருப்பார்கள். அது சரியாக இருந்தால், படத்தின் விலாசம் வீட்டுக் கம்ப்யூட்டரின் சி டிரைவைக் காட்டிக்கொண்டிருக்கும்.

தமிழில் பக்கம் போட நினைத்தவர்களுக்குத் தனி அவஸ்தை. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995லேயே தமிழை இணையத்தில் ஏற்றிக் காட்டிவிட்டார். 1998 பொங்கலில், பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம் தொடங்கியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாடு டாம், டாப் என்று இரண்டு எழுத்துக் குறியீடுகளைத் தந்தது. டிஸ்கி என்ற இன்னொரு குறியீடு தனியாக ஓடிக்கொண்டிருந்தது. ஆக, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'இதைப் படிக்க இந்த எழுத்துருவை இறக்கிக்கொள்ளவும்' என்று ஒரு அறிவிப்பு. பிரவுசிங் சென்டர் அண்ணன் தன் மெஷினில் எதையும் இறக்க விடமாட்டார். பலர் தமிழைப் படமாக மாற்றி ஒட்டினார்கள். மீதிப்பேர் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிச் சமாளித்தார்கள். எல்லோருக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டில் லதா எழுத்துருவோடு விண்டோஸ் 2000 வந்தும் உடனே விடியவில்லை. எக்ஸ்பியில் தமிழ் சரியாகத் தெரிய, கண்ட்ரோல் பேனலில் ஒரு டிக் அடித்து, எக்ஸ்பி சிடியையும் போட வேண்டும். ஒரிஜினல் சிடி எத்தனை வீட்டில் இருந்தது!

அன்றைய டிஸ்கி பக்கத்தை இன்று அப்படியே திறந்தால் 'த' இருந்த இடத்தில் முக்கால் என்ற பின்னம் நிற்கும். இகர மேல்விலங்கு அமெரிக்க சென்ட் குறியாகியிருக்கும். மாற்றித்தர மென்பொருள் இருக்கிறது. ஆனால் டிஸ்கியில் 'கெ' என்றால் கொம்பு முதலில், 'க' பின்னால்; யூனிகோடில் தலைகீழ். எழுத்தை மாற்றினால் போதாது, வரிசையையும் திருப்ப வேண்டும்.

2009 அக்டோபர் 26 அன்று யாஹூ ஜியோசிட்டீஸை மூடியது. ஜப்பான் கிளை மட்டும் 2019 வரை இருந்தது. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர்கள் அள்ளிய மட்டும் அள்ளி, 2010ல் 600 ஜிபிக்கு மேல் டோரண்டாகப் பொதுவில் விட்டார்கள். பக்கம் போட்டவர்களில் பலருக்கு மூடிய சேதியே தெரியாது. ஸ்ரீரங்கத்துக்காரர் சுஜாதா ஆசிரியராக இருந்த 'அம்பலம்' மின்னிதழே இன்று அதன் விலாசத்தில் இல்லை எனும்போது, பெயர் தெரியாத பையனின் பக்கத்தை யார் தேடப்போகிறார்கள்?

இப்போது கிட்ஹப் பேஜஸ், கிளவுட்ஃபிளேர் பேஜஸ் என்று இலவச இடத்துக்குக் குறைவில்லை. கிட்ஹப் தருவது 1 ஜிபி, பழைய வீட்டைப்போல அறுபது மடங்குக்கு மேல். விளம்பரம் கிடையாது. கணக்குத் தொடங்கி, தன் பெயரில் ரெப்போ என்ற கோப்புக்கிடங்கு ஒன்று வைத்து, பக்கத்தை உள்ளே தள்ளினால் சில நிமிஷங்களில் உலகமே பார்க்கலாம். தமிழுக்கு எந்த அறிவிப்பும் வேண்டாம். பெரிய எழுத்து, சிறிய எழுத்துத் தகராறு மட்டும் அப்படியே இருக்கிறது.

எல்லாம் சுலபமான பிறகு சொந்தப் பக்கம் போடுபவர் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் இன்ஜினியரிங் கடைசி வருஷப் பிள்ளைகள். ரெஸ்யூமில் லிங்க் கேட்கிறார்களாம். பெயர், தெரிந்த மொழிகள், மூன்று புராஜெக்ட், லிங்க்ட்இன் படம். எவரோ செய்துவைத்த டெம்ப்ளேட். திருவானைக்காவலா திருப்பூரா என்று அதில் கண்டுபிடிக்கவே முடியாது. எனக்கு அது குறையாகத்தான் படுகிறது. ஊர்ப் பெருமையெல்லாம் இன்ஸ்டாகிராம் ரீலுக்குக் குடிபோய்விட்டது. கடைக்காரர்களுக்கு கூகுள் மேப்ஸ் போதும். பிரவுசிங் சென்டர்களோ ஜெராக்ஸ் எடுத்து, டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கின்றன.

ஒரு விஷயத்தில் இந்தப் பிள்ளைகள் கெட்டி. கோப்புகளின் பிரதிகளைக் காக்கும் கிட் மென்பொருளில் பழகியவர்கள் என்பதால் பக்கத்தின் முழுப் பிரதி அவர்கள் லேப்டாப்பிலேயே இருக்கிறது. கிட்ஹப் நாளைக்கே கதவைச் சாத்தினால், அதே ஃபோல்டரை வேறு இடத்தில் ஏற்ற அரை மணி நேரம் போதும். விலாசம் மாறாமல் இருக்கத்தான் சொந்த டொமைன் வேண்டும். அது இலவசமில்லை, வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். அந்தப் பணம் அப்பாவின் ஜிபேயில் இருந்து போகிறது.